ஊதுங்கள்

இறந்தவர்களைப் பார்க்கப் போகிறவர்கள்
இறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது
இன்றைக்கு என் வேலை.

நவம்பர் ஒன்று. புனிதர் அனைவர் பெருவிழா.
போலந்தில் கடை கண்ணிக்கெல்லாம் விடுமுறை,
சாலைக்கு மட்டும் இல்லை.
வோம்ஷா போகும் வழியில், கல்லறைத் தோட்டத்துக்கு
நானூறு மீட்டர் முன்னால்
ஆரஞ்சுக் கூம்புகளை அடுக்கினோம்,
நானும் ராடோஸ்வாவும்.
அவனுக்குக் காலையிலிருந்தே மூக்கு ஒழுகுகிறது.

ஒவ்வொரு காரிலும் சாமந்தி.
மஞ்சள், வெள்ளை, ஒருவித அழுக்கு ஊதா.
மடியில், டிக்கியில், குழந்தையின் இருக்கையில்.
பின்கண்ணாடி முழுக்கப் பூ மறைக்க வந்த ஒருத்தியிடம்
பின்னால் வருவது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.
"பின்னால் வருவது தெரிந்திருந்தால்
இந்தப் பூவை ஏன் வாங்குகிறேன்?"
அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.
தொட்டிகளைக் கீழே இறக்கிவைக்க உதவினேன்.

ஊதுங்கள்.
நிறுத்தாமல், நான் போதும் என்கிறவரை.
ஊதுங்கள்.
பூஜ்யம்.
ஊதுங்கள்.
பூஜ்யம்.
இத்தனை மூச்சு ஒரே நாளில் என் முகத்தில் பட்டதில்லை.
பூண்டு, புகையிலை, பெப்பர்மின்ட்,
யாரோ விடியலிலேயே தின்ற ஊறவைத்த மீன்.
உயிரோடு இருப்பதன் வாடை
இப்படித்தான் போல.

மூன்றரைக்கே இருட்டத் தொடங்கியது.
சாம்பல் நிற ஸ்கோடா ஒன்று, வேகமில்லை,
ஆனால் ஒரு விளக்கு எரியவில்லை.
பக்கத்து இருக்கையில் சாமந்தித் தொட்டி.
அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தது.
ஓட்டுகிறவருக்குப் போடவில்லை.
உரிமத்தில் பெயர் ஹியெரோனிம்.

"பூ சாய்ந்துவிடும்."
"நீங்கள்?"
"நான் சாய்ந்தால் என்ன, அதோ,
போகிற இடம்தானே"
என்று மரங்களுக்குப் பின்னால் காட்டினார்.
ராடோஸ்வாவ் சிரித்துவிட்டான், தும்மினான்.
நான் எழுதத் தொடங்கினேன்.
நூறு ஸ்வாட்டி. ஐந்து புள்ளி.
குளிரில் மை இறங்கவில்லை.
பேனா முனையை வாயருகே வைத்து ஊதினேன்.
கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்:
"பூஜ்யமா?"

இடது தோளை அவரால் தூக்க முடியவில்லை.
நானே பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன்.
கோட்டில் பாச்சா உருண்டை வாசனை.
யாருக்குப் பூ என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
விளக்குக்காக எழுதியிருக்க வேண்டியதை
எழுதாமல் விட்டேன்.

ஏழாவது வரிசையில், வேலியோரம்
எனக்கும் ஒருவன் இருக்கிறான்.
இதே சாலைதான், ஆனால் ஆகஸ்ட் மாதம்,
வெயில், காய்ந்த தார், மழைகூடக் கிடையாது.
நூற்றுப் பதினெட்டு என்று கணக்கிட்டார்கள்.
நாடாவை இழுத்து அளந்தவர்கள்
என் நிலையத்துக்காரர்கள்.
ஒவ்வொரு நவம்பரும் இந்த நாளில்
எனக்குப் பணி விழுந்துவிடுகிறது என்று
அம்மாவிடம் சொல்லிவருகிறேன்.
விழுவதில்லை. செப்டம்பரிலேயே
எழுதிக்கொடுத்துக் கேட்டு வாங்குகிறேன்.

இரவு ஒன்பதுக்கு மேல் வண்டிகள் மெலிந்தன.
தோட்டத்துக்கு மேலே வானம் சிவந்திருந்தது,
ஆயிரம் கண்ணாடிக் குடுவைகளில்
மெழுகு எரியும் சிவப்பு.
காற்று ஊதிப் பார்க்கிறது, அணையவில்லை.
வயர்லெஸ்ஸில் மாவட்டம் மாவட்டமாக எண்கள் வந்தன.
எங்கள் பகுதியைக் கேட்டபோது
பூஜ்யம் என்றேன்,
குரலில் கொஞ்சம் பெருமை கூட.

கூம்புகளை எடுத்து அடுக்கினோம்.
பன்னிரண்டு வைத்தது. பதினொன்றுதான் இருந்தது.
டார்ச் அடித்துத் தேடினோம்.
பள்ளத்தில் கிடந்தது, நடுவில் நசுங்கி,
பக்கவாட்டில் கறுப்பாக டயர் இழுத்த தடம்.
நாள் முழுக்க நான் நின்ற இடத்திலிருந்து
இரண்டு அடி.
எப்போது என்று அவனுக்கும் தெரியவில்லை,
எனக்கும் தெரியவில்லை.
சத்தமே கேட்கவில்லை.

"அறிக்கையில் எழுதவா?" என்றான்
மூக்கைத் துடைத்தபடி.

கூம்பின் உள்ளே கைவிட்டு
நசுங்கலை வெளியே தள்ளிப் பார்த்தேன்.
பாதிதான் நிமிர்ந்தது.